காசும் நம்முடையது, கட்டும் நமக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்து, அது "பைலட் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இன்றைக்கே வாசியுங்கள்.

கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் படித்த இரண்டு பேர் ஒரே கேள்வியோடு கூப்பிட்டார்கள். ஒருவர் பஹ்ரைனில் மீன்பிடி வேலையில் இருக்கிறார். இன்னொருவர் இங்கே இனயத்தில்தான். "சார், பிள்ளைக்கு பைலட் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. ஒப்பந்தம் அனுப்பியிருக்காவ. கையெழுத்துப் போடலாமா?" நம்ம கடற்கரைப் பிள்ளைகள் விமானம் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது உண்மை. ஒப்பந்தத்தை வாசித்த பிறகு அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

நிறுவனங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யாரையும் தனியாகக் குறிவைத்து எழுதவில்லை. இரண்டு ஒப்பந்தங்களின் சாரத்தையும் நான்கு வரியில் சொல்லிவிடலாம். பயிற்சிச் செலவு முழுவதும் குடும்பம் கட்ட வேண்டும். கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பி வராது. பயிற்சி முடிந்தபின் வேலை "நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து". வேலை கிடைத்தால் இத்தனை வருடம் வெளியே போகக் கூடாது, போனால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும், அதற்கு அப்பா ஜாமீன்.

மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். காசு கொடுப்பவர் பிள்ளையின் அப்பா. கட்டுப்படுபவர் பிள்ளை. காசு வாங்குகிற தரப்புக்கு மட்டும் எந்தக் கட்டும் இல்லை.

நம்ம ஊரில் முன்பணம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரி பணம் கொடுப்பார். வாங்கியவர் பிடிக்கிற மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஏலத்தில் அவருக்குத் தரகு போகும். அது அடிமைத்தனம் என்று சொல்லித்தான் நம் கடற்கரைகளில் மீனவர் சங்கங்கள் வந்தன, 1980-இல் சிஃப்ஸ் என்ற கூட்டமைப்பு பதிவானது. அப்படி நாம் எதிர்த்த வியாபாரிகூடத் தன் கைக்காசைப் போட்டுவிட்டுத்தான் நம்மைக் கட்டினார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு அவரும் விட்டாக வேண்டும். இந்தப் புதிய ஒப்பந்தத்தில் பணமும் நம்முடையது, கட்டும் நமக்கு. இப்படி ஒரு கணக்கை நம்ம ஊர்த் தரகர் யாரும் எழுதத் துணிந்ததில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்: பயிற்சிக்குச் செலவு செய்தவருக்குத்தான் ஒப்பந்தத்தால் கட்ட உரிமை உண்டு. நிறுவனம் செலவு செய்ததா, சரி, செலவழித்த அளவுக்குக் கேட்கட்டும். குடும்பம் செலவு செய்ததா, அந்தப் பிள்ளையைக் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகப் பாதையைச் சொல்கிறேன். இந்தியாவில் விமானி உரிமம் கொடுப்பது டிஜிசிஏ. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது ஆக வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். வான்வழி, வானிலை, விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று தேர்வுகள் உண்டு, ரேடியோ உரிமம் தனி. 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக. இவ்வளவும் சின்ன விமானத்தில். இது முடிந்தாலும் பயணிகள் விமானத்தில் உட்கார முடியாது. ஏர்பஸ் 320, போயிங் 737 என்று ஒவ்வொரு ரகத்துக்கும் 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி வேண்டும். அது சிமுலேட்டரில் நடப்பது. அதற்கே பல லட்சம் ஆகும். விமான நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் 'கேடட்' திட்டங்களில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தொடுகிறது, சிலவற்றில் தாண்டவும் செய்கிறது.

ஒரு கோடி என்று வாயால் சொல்வது எளிது. கரும்பலகைக் கணக்காகப் போடுவோம். ஒரு கோடி ரூபாய், வருடத்துக்கு 11 சதவீத வட்டி, 10 வருடம். மாதத் தவணை சுமார் 1,37,750 ரூபாய். பத்து வருடத்தில் கட்டி முடிப்பது ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம். பிள்ளை படிக்கிற இரண்டு வருடத்துக்கு வங்கி தவணை கேட்காது, ஆனால் வட்டி தூங்காது. அந்தக் கடனுக்கு ஈடாக வீட்டையும் இடத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும், மிச்சத்துக்கு அம்மாவின் நகையைப் பணயம் வைக்க வேண்டும். கேட்டவர்களில் ஒருவருக்கு இருப்பது ஆறு சென்ட் இடமும் அதில் கட்டிய வீடும்தான். இருபது வருடம் கடலில் கிடந்து கட்டிய வீடு.

சரி, படிப்பு முடிந்தது, உரிமம் கையில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் மட்டும் டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்கள் கொடுத்தது. வேலைக்கான விளம்பரங்களைப் பாருங்கள். பலவற்றில் டைப் ரேட்டிங் ஏற்கெனவே இருக்க வேண்டும், சிலவற்றில் அந்த ரக விமானத்திலேயே இத்தனை மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்று இருக்கும். பயணிகள் விமானத்தில் வேலை கொடுக்காமல் அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? குளத்தில் இறங்காமல் நீச்சல் கற்றுவா என்கிற கதை. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாலும் உரிமம் சும்மா இருக்காது. மருத்துவத் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும், கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மறுபடியும் பறக்க வேண்டும், மறுபடியும் காசு. அந்த நிலையில் இருக்கிற 22 வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டினால் அது எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும். அதை சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள் என்று அந்த நிறுவனம் நீதிமன்றம் போனது. அப்போது பல விமானங்கள் ரத்தாயின. டிக்கெட் எடுத்த பயணி என்ன பாவம் செய்தான்? ஒரு நிறுவனம் சொந்தக் காசில் ஒருவருக்கு டைப் ரேட்டிங் கொடுத்து, அடுத்த மாதமே பக்கத்து நிறுவனம் அவரைத் தூக்கிக்கொண்டு போனால் நட்டம் உண்மையான நட்டம்தான். அந்த நட்டத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்கூட விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிவதற்குள் வேலையை விட்ட அதிகாரி இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே 'பாண்ட்' என்றாலே செல்லாது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த வழக்கை நன்றாகப் பாருங்கள். ஆள் எடுக்கும் செலவு வங்கியுடையது. கேட்டது இரண்டு லட்சம். அந்த அதிகாரி வங்கியில் சேருவதற்காக வீட்டை அடகு வைத்து ஒரு கோடி கட்டவில்லை. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வந்து, செலவு முழுவதையும் தானே கட்டிய பிள்ளையின் கழுத்தில் மாட்டுவது பொருத்தமில்லாத தொப்பி.

நம் ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 27-ஆம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே என்கிறது. 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பலம் உள்ளவனும் இல்லாதவனும் செய்யும் ஒப்பந்தத்தில் மனச்சாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனை இருந்தால் அதை நிராகரிக்கலாம் என்று சொன்னது. அது ஓர் அரசு நிறுவனத்தைப் பற்றிய வழக்கு என்பதும் உண்மை. சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நீதிமன்றம் போய் வாதாடி வெல்வதற்குள் பிள்ளையின் தலை நரைத்துவிடும். தவணை மாதா மாதம் வரும்.

இதில் அரசு எங்கே நிற்கிறது? 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட நினைக்கும் இணை விமானி ஆறு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கேப்டன் ஒரு வருடம். அதற்குள் தடையில்லாச் சான்று இல்லாமல் இன்னொரு நிறுவனத்தில் பறக்க முடியாது. நான் அரசு வேலை பார்த்தவன். விருப்ப ஓய்வு கேட்டால் எங்களுக்கு மூன்று மாத நோட்டீஸ்தான். இரண்டு நூறு பயணிகளின் உயிர் அவர்கள் கையில் என்று காரணம் சொல்வார்கள். பயிற்சிக்கு யார் பணம் கட்டியது என்று அந்த விதி கேட்கவில்லையே! தனியார் ஒப்பந்தம் ஒரு கதவைப் பூட்டுகிறது, அரசு விதி அடுத்த கதவைப் பூட்டுகிறது. வளைகுடாவில் கஃபீல் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாமல் தவித்த நம்ம ஊர் ஆண்களுக்கு இது புதுக் கதை இல்லை. கஃபீலுக்கு நாம் விசா காசு கட்டினோம், இங்கே ஒரு கோடி.

இன்னொன்று. கட்டு ஒரு பக்கம் மட்டும் இருப்பதன் விளைவை நம் நாடு மூன்று முறை பார்த்துவிட்டது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்து நின்றது. மூன்றிலும் விமானிகள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். ஐந்து வருடம் போகக் கூடாது என்று பிள்ளையிடம் எழுதி வாங்குகிற நிறுவனம், ஐந்து வருடம் நான் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கிறதா? நான் வாசித்த இரண்டு ஒப்பந்தங்களிலும் அப்படி ஒரு வரி இல்லை.

"ஆள் பற்றாக்குறை இருக்கு சார், வேலை உறுதி" என்று பயிற்சிப் பள்ளிக்கு ஆள் பிடிப்பவர்கள் சொல்வார்கள். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அடுத்த 15, 20 வருடத்தில் 30,000 விமானிகள் தேவை என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் 2025-இல் சொன்னார். எல்லாம் சரி. நான் கேட்பது எளிய கேள்வி. சந்தையில் சாளை குறைவாக வந்தால் விலை ஏறும். விமானிக்கு அவ்வளவு தட்டுப்பாடு என்றால் நிறுவனங்கள் அல்லவா பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளைத் தேடி வர வேண்டும்? பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதைத்தான் செய்கிறது. தன் ஸ்பீட்பேர்ட் அகாடமியில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு ஒரு லட்சம் பவுண்டு வரை பயிற்சிச் செலவைத் தானே கட்டுகிறது. இங்கே தட்டுப்பாடும் இருக்கிறதாம், செலவும் பிள்ளையுடையதாம். தேவைப்படுவது அனுபவம் உள்ள கேப்டன்கள். நேற்று உரிமம் வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஆள் பிடிப்பவர் சொல்ல மாட்டார்.

"இது பணக்காரப் பிள்ளைகள் பிரச்சினை, நமக்கென்ன" என்று உறவில் ஒருவர் சொன்னார். விமானத்தில் ஏறுகிற எல்லோருக்கும் இது பிரச்சினை. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற விமானத்தில் நம்ம ஊர் ஆட்கள் இல்லாத நாள் உண்டா? விமானி களைத்திருந்தால் "என்னால் இன்று முடியாது" என்று சொல்ல வேண்டும், அது அவருடைய கடமை. மாதம் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் தவணை, வேலை போனால் அப்பா ஜாமீன், வேறு இடம் போக வழியில்லை என்ற நிலையில் இருக்கும் 24 வயது இளைஞன் அந்த வார்த்தையைச் சொல்லத் துணிவானா?

2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்கு அருகில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் இளம் விமானிகளின் குறைந்த சம்பளமும் களைப்பும் நாடு முழுவதும் பேச்சானது. அதன்பிறகுதான் அங்கே இணை விமானிக்குக்கூட 1,500 மணி நேரம் என்ற விதி வந்தது. அந்த விதி சரியா என்பது வேறு விவாதம். இளம் விமானியின் சட்டைப்பைக்கும் பயணியின் உயிருக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த நாடு பிணங்களை எண்ணித்தான் புரிந்துகொண்டது.

நம் நாட்டில் 2025 டிசம்பரில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகிறது, இரவில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைகிறது என்ற விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. முழுதாக அமலானது 2025 நவம்பரில். இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். அப்படியும் இண்டிகோவில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்தாகும் நிலை வந்தது. போதிய ஆள் எடுக்காமல் நிறுத்திவைத்ததுதான் காரணம் என்று விமானிகள் கூட்டமைப்பு சொன்னது. முடிவில் என்ன ஆனது? நிறுவனத்துக்கு விதியில் தற்காலிக விலக்கு கிடைத்தது. ஓய்வு கேட்ட விமானிக்குத்தான் காத்திருக்கச் சொன்னார்கள். நோட்டீஸ் விதியில் ஒரு நாள் விலக்கு கேட்டால் ஒரு இளம் விமானிக்குக் கிடைக்குமா?

அரசிடம் நான் கேட்பவை அதிகமில்லை. செலவு செய்தவர் யார் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். குடும்பம் செலவு செய்திருந்தால் பாண்ட் கூடாது. நிறுவனம் செலவு செய்திருந்தால், பிள்ளை வேலை செய்கிற ஒவ்வொரு மாதமும் பாண்ட் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும், கடைசி மாதத்திலும் முழுத் தொகை கேட்பது கூடாது. குறித்த மாதத்துக்குள் வேலை தராவிட்டால் பயிற்சிப் பணத்தில் ஒரு பங்கு திரும்ப வேண்டும். நிறுவனம் மூடினால் பாண்டும் அன்றே செத்துவிட வேண்டும். வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்து, வட்டியையும் கட்டணத்தையும் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதச் சொல்கிறது. ஒரு கோடி ரூபாய் பயிற்சி ஒப்பந்தத்துக்கு டிஜிசிஏ ஒரு மாதிரிப் படிவம் வைத்தால் வானம் இடிந்து விழாது. அது தமிழிலும் இருந்தால் ஜாமீன் போடுகிற அப்பாவுக்கும் புரியும்.

அரசு செய்யும்வரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவமும், பிறகு முதல் வகுப்பு மருத்துவமும் எடுத்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ குறை என்று பாதிக் காசு கட்டியபின் தெரிந்து அழாதீர்கள்.

இரண்டு, பள்ளி டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். 2025 அக்டோபர் முதல் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறார்கள். முதல் பட்டியலில் மிக உயர்ந்த இரண்டு தரத்தில் ஒரு பள்ளிகூட வரவில்லை. விளம்பரப் பலகையில் "நம்பர் ஒன்" என்று போட்டிருப்பதை அதோடு ஒத்துப் பாருங்கள்.

மூன்று, முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான்கு, "தேவையைப் பொறுத்து", "நிறுவனத்தின் முடிவே இறுதியானது" என்ற சொற்கள் வருகிற இடங்களில் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். அடிக்கோடு போட்ட இடங்களில்தான் உங்கள் வீடு இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் காட்ட ஆகிற சில ஆயிரத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

ஐந்து, அப்பா ஜாமீன் போட்டே ஆக வேண்டும் என்றால் எந்தத் தொகை வரை, எத்தனை வருடம் வரை என்று எழுதி வாங்குங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். தேதியில்லாத தாளிலும் வேண்டாம்.

பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கட்டுமரத்தில் போன தாத்தாவின் பேத்தி விமானத்தில் கேப்டன் இருக்கையில் உட்காருவதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? காற்றையும் நீரோட்டத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்துத் திசை அறிந்த கடற்கரை இது. வழி கண்டுபிடிப்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமில்லை. 2016-இல் இங்கே பெரிய துறைமுகம் வருகிறது, வேலை மழையாகக் கொட்டும் என்று சொன்னபோது, எங்கே கரை போகும், யார் வீடு போகும் என்று எதிர்க்கேள்வி கேட்ட ஊர் நம்முடையது. அன்று ஊராகக் கேட்ட கேள்வியை இன்று ஒரு பிள்ளையின் அப்பா தனியாக உட்கார்ந்து கேட்க முடியவில்லை. இடம் போய்விடும் என்று பயம். "நாளைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் சீட் வேறு ஆளுக்கு" என்று போனில் சொல்கிறார்கள். அந்த அவசரத்தையே நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

என்னைக் கேட்ட இரண்டு பேரிடமும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், நான் சொன்ன கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொருவருக்கு "இது எல்லோருக்கும் உள்ள நிபந்தனை" என்று ஒரே வரி வந்தது. எல்லோருக்கும் உள்ளது என்பதால் அநியாயம் நியாயமாகிவிடாது, அதை எல்லோரும் சேர்ந்து எதிர்க்க வேண்டும் என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

என் மாணவர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள், விமான நிலையங்களில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் எங்காவது திருத்தம் இருந்தால் கீழே எழுதுங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தம் யார் கையிலாவது இருந்தால் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். பத்து ஒப்பந்தம் சேர்ந்தால் நம் எம்.பி. கையில் கொண்டுபோய்க் கொடுத்து நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லலாம். உங்கள் பழைய வாத்தியாருக்கு நடக்கக் கால் இன்னும் இருக்கிறது.